ஹரிராமின் கைராசி

ஹரிராமுக்குக் கைராசி இருக்கிறது என்று முதலில் சொன்னவள் தங்கப்பொண்ணு. தீவன மூட்டைகளின் வாயைத் தைக்கும் வேலை அவளுக்கு. டிப்ளமோ முடித்து, அதன்மேல் ஒரு டிகிரியும் முடித்து, மோட்டாரும் மீட்டருமாக வயசு முப்பத்துமூன்றைத் தொட்டவனுக்குக் கடைசியில் கிடைத்த பட்டம் இதுதான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. அப்புறம் அவனே அதைக் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தான். இந்தக் கதையில் வெட்கக்கேடான பகுதி அதுதான். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ராதாமணி மாட்டுத்தீவனம் என்பது அலங்காநல்லூர் ரோட்டில், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நிற்கும் பெரிய தகரக் கொட்டகை. முதலாளி வெங்கடேஷ்பாபு மனைவியின் பெயரையே கம்பெனிக்கு வைத்திருந்தார். அதனால் கம்பெனியைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை குறைவாகப் பேச முடியாது. அவருக்குத் திருநகரில் ஓர் எண்ணெய் ஆலையும் உண்டு. ஹரிராமின் மேசை அங்கேதான். இரண்டு இடத்துக்கும் சேர்த்து அவன் ஒருவனே இன்ஜினியர். தீவன ஆலையில் ஏதாவது நின்றால் போன் வரும். தன் சிவப்பு பைக்கை எடுத்துக்கொண்டு, மதுரையின் எல்லாச் சிக்னலிலும் நின்று நின்று, ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கடந்து போவான். போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹரிராம் வைத்துக்கொள்ளவில்லை.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து ஆலைக்கு ஒரு ரோபோ வந்து இறங்கியது. ஒற்றைக் கை. பெல்ட்டில் வரும் ஐம்பது கிலோ மூட்டையைக் கவ்வித் தூக்கி, திரும்பி, மரப்பலகைமேல் அடுக்கடுக்காக இறக்கும். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கென்று கொட்டகைக்குள்ளேயே தனி அறை கட்டி, அறைக்கு ஏசி போட்டு, சுற்றிலும் வேலி போட்டார்கள். ஆட்களுக்கு ஒரு மின்விசிறி கேட்டு மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்த மருது இதையெல்லாம் பார்த்தான். "தனி ரூமு, ஏசி, கிட்டப் போக முடியாது, நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசாது. இது கலெக்டர்தான்டா" என்றான். பெயர் நிலைத்துவிட்டது. முன்பு மூட்டை தூக்கிய மருது இப்போது கலெக்டருக்கு ஆபரேட்டர்.

வந்த முதல் வாரத்திலேயே மருது ஈரத் துண்டை வேலிமேல் காயப்போட்டான். ஹரிராம் அதைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பெல்ட்டே ஒரு நிமிஷம் நின்றது. "அறுநூறு வோல்ட்டு! விளையாட்டா இருக்கா? கலெக்டர் பக்கத்துல இனிமே ஒரு கைக்குட்டையப் பாத்தேன், ஆளைத் தொலைச்சுக் கட்டிருவேன்!" சிவப்பில் ஓர் அபாயப் பலகையும் மாட்டிவிட்டுப் போனான். சொன்னது நியாயம்தான். சொன்ன விதம்தான் நியாயமில்லை. அவனுக்குக் கோபம் வந்தால் குரல் தகரக் கூரையைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கலெக்டர் முதல்முறையாக நின்றார். மூட்டையைப் பாதியில் பிடித்தபடி கை அந்தரத்தில் நிற்க, திரையில் 'ஓவர் வோல்டேஜ்' என்று வந்தது. போன் போயிற்று. ஹரிராம் நனைந்துகொண்டு வந்து, மெயினை இறக்கி, எல்லாவற்றையும் அளந்தான். எல்லாம் சரியாக இருந்தது. போட்டுவிட்டான், ஓடியது. திரும்பிப் போனான். அடுத்த மழைக்கு மறுபடியும் நின்றது. வந்தான், அளந்தான், ஒரு குறையும் இல்லை, ஓடியது.

"இது என்ன வியாதிடா?" என்று முதலாளி போனில் கேட்டார். திட்டுவது என்றால் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் திட்டுவார், வேலைக்காரர்களுக்குப் புரியக்கூடாது என்று. அந்த வசவுகளெல்லாம் இப்போது ஆலை முழுக்கப் பாடம். ஹரிராம் பொறுமையாக விளக்கினான்.

"முதலாளி, மூட்டையத் தூக்கும்போது மோட்டாரு கரண்ட்டக் குடிக்கும். எறக்கி டக்குனு நிறுத்தும்போது அதே மோட்டாரு கரண்ட்டத் திருப்பித் தள்ளும். அந்த மிச்சக் கரண்ட்டப் போட்டு எரிக்கத்தான் ஏசி ரூமு மேல ஒரு கம்பிவலைப் பொட்டி வச்சிருக்கோம். எரிக்க வழியில்லேன்னா வோல்டேஜ் ஏறிரும். ஏறுனா, தான் பொசுங்கிறக் கூடாதுன்னு கலெக்டர் நின்னுருவாரு."

"அப்ப காசு குடுத்து வாங்குன கரண்ட்ட நான் மொட்டை மாடியில வச்சுக் கொளுத்திக்கிட்டிருக்கேனா?" என்று முதலாளி தழுதழுத்தார். ஓவர் வோல்டேஜ் அவருக்கு மறந்தே போயிற்று. அன்றிலிருந்து அந்தப் பெட்டியை நினைக்கும்போதெல்லாம் அவர் கரண்ட் பில்லை எடுத்துப் பார்த்தார்.

ஹரிராம் சும்மா இருக்கவில்லை. அறையின் கூரைக்கு இரும்பு ஏணி வழியாக ஏறி, அந்தப் பெட்டியையும் பார்த்தான். தவிட்டுத் தூசி படியாத இடமே இல்லாத அந்த ஆலையில் பெட்டி மட்டும் பளிச்சென்று இருந்தது. "சுத்தமா வச்சிருக்கீங்கய்யா, இப்படித்தான் இருக்கணும்" என்று மருதுவைப் பாராட்டிவிட்டு இறங்கினான். மருது தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று ஹரிராம் நினைத்தான்.

பிறகு அவனுக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. நிற்பது மழை நாளில் மட்டும். மழை பெய்தால் வயக்காட்டு பம்புசெட்டெல்லாம் ஓய்ந்துவிடும். அதனால் லைனில் வோல்டேஜ் ஏறும். ஆகா! அளந்து பார்த்தால் நிஜமாகவே கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. பாதி உண்மையைப் போல மனிதனை அலைக்கழிப்பது வேறொன்றுமில்லை. லைன்மேன் ராஜபாண்டியைக் கூப்பிட்டு ஒரு மூச்சு சண்டை பிடித்தான்.

"இம்புட்டு ஏத்தம் எல்லாம் ஒரு ஏத்தமாண்ணே?" என்றான் ராஜபாண்டி. "இதே லைன்லதான் என் வீட்டு டிவியும் ஓடுது. உங்க கலெக்டருக்கு மட்டும் ஒடம்பு சொகமில்லையா?"

அதுவும் போயிற்று. கை நிற்கும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். நோய் குறைந்தது, வேலையும் குறைந்தது. லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. முதலாளி சௌராஷ்டிரத்துக்கு மாறினார். வேகத்தை மறுபடியும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான்.

அப்போதுதான் தங்கப்பொண்ணு அந்த வார்த்தையைச் சொன்னாள். "தம்பி வந்தாப் போதும், தன்னால ஓடுது. என்னமோ ஒரு கைராசி."

சொன்னவள் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. முதலாளி காதுக்கு விஷயம் போயிற்று. அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. புதுச் சாமான் வாங்கும் செலவில்லாத வைத்தியம் அல்லவா? "மழை இருட்டிக்கிட்டு வந்தா நீ அங்க போயி உக்காந்துரு ஹரி" என்று உத்தரவு போட்டார். கலெக்டர் வேலிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மழை மேகம் திரண்டால் ஹரிராம் திருநகரிலிருந்து கிளம்பிப் போய் அதில் உட்காருவான். கலெக்டர் ஒழுங்காக மூட்டை அடுக்குவார். எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான், இரண்டு டீ வரும். ஒருநாள் வலதுகாலை முதலில் எடுத்து வைத்து உள்ளே நுழைந்ததைத் தானே கவனித்துவிட்டுத் திடுக்கிட்டான். ஆனாலும் அடுத்த நாளும் வலதுகாலைத்தான் வைத்தான்.

இதெல்லாம் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் இடையில் சத்யப்ரியா வந்தாள்.

ஹரிராமுக்குப் பெண் தேடி வீட்டில் ஓய்ந்துபோன நேரத்தில் அமைந்த இடம் அது. தல்லாகுளத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, பெண் பார்க்கப் போனார்கள். கேசரி தட்டு கைக்கு வந்ததும் வெளியே இடி இடித்தது, போன் அடித்தது. "கலெக்டர் நின்னுட்டாரு" என்று சொல்லி எழுந்தவனைப் பார்த்து அவளுடைய அப்பா பீமாராவ், மாப்பிள்ளைக்குக் கலெக்டர் வரைக்கும் பழக்கம் இருக்கிறது என்று முதலில் பூரித்துப்போனார். விவரம் தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

சத்யப்ரியா அன்று ராத்திரி போனில் பேசினாள். "நீங்க போயி என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. போனேன், ஓடுச்சு."

"எங்க லேப்ல ஒரு மெஷினு இருக்கு. தப்புத் தப்பா ரிசல்ட்டு குடுக்கும். நானும் முன்னாடி போயி நின்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஹரிராமுக்கு அவமானமாக இருந்தது. அவளை அதைவிட அதிகமாகப் பிடித்துப்போயிற்று.

நிச்சயதார்த்தம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தல்லாகுளத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். காலை எழுந்தபோதே வானம் கிழிந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஆலைக்கு விடுமுறை; ஆனால் அந்த வாரம் பார்த்து, பால் சொசைட்டிக்குப் போகவேண்டிய லோடு தங்கிவிட்டது. முதலாளியே நேரில் போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தில் இறங்கி, தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஹரிராம் எடுக்கவில்லை. மறுபடி வந்தது. மூன்றாம் தடவை முதலாளி அழும் குரலில் சொன்னார்: "டேய், நாலு லாரி நிக்குது. நாளைக்கு மாட்டுக்குத் தீவனம் இல்லேன்னா சொசைட்டிக்காரன் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவான். ஒரு எட்டு வந்து நின்னுட்டுப் போடா. உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேனா?"

ஹரிராம் பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையுமாக, பெண் வீட்டார் இருந்த அறை வாசலில் போய் நின்றான். சத்யப்ரியா பாதித் தலை பின்னிய நிலையில் வெளியே வந்தாள். இரு வீட்டிலும் பேச்சு சௌராஷ்டிரம்தான்; அதில்தான் பேசிக்கொண்டார்கள். கோபம் எந்த மொழியிலும் கோபம்தான்.

"நின்னுருச்சா?"

"ஆமா."

"எத்தன மணிக்கு முகூர்த்தம்னு தெரியும்ல? பன்னெண்டு மணியானா எமகண்டம்."

"அதுக்குள்ள வந்துருவேன்."

அவள் பாதிப் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க. ஆனா நின்னு பாத்துட்டு மட்டும் வந்துராதீங்க. என்னன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. இல்லேன்னா கல்யாணத்தன்னைக்கும் இதே கூத்துதான், அதுக்கப்புறமும் மழைக்கு மழை இதே கூத்துதான். கண்டுபிடிக்க முடியலேன்னா அங்கேயே அந்த நாற்காலியில உக்காந்துக்கங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன், எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் மிரட்டவில்லை. அது ஹரிராமுக்கு நன்றாகப் புரிந்தது.

அவனுடைய சிவப்பு பைக் திருநகர் வீட்டில் நின்றது. பெரியப்பா மகனுடைய கறுப்பு பைக்கை வாங்கிக்கொண்டான். மழைக்கோட்டு போட்டால் பட்டுச் சட்டை கசங்கிவிடும் என்று அம்மா தடுத்து, கையில் ஒரு குடையைக் கொடுத்தாள். பைக்கில் குடை! முதல் திருப்பத்திலேயே அது மடங்கி ஒரு வேப்பமரத்துக்குப் போய்விட்டது. தல்லாகுளத்திலிருந்து ஆலை பக்கம்; வழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலி. வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகிற பயணம் அன்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

வாசலில் வாட்ச்மேன் முத்திருளன் அவனை நிறுத்தினான். "யாருங்க? இன்னைக்கு லோடு மட்டுந்தான், ஆபீஸ் லீவு."

"யோவ், நான்தான்யா."

முத்திருளன் வேட்டியைப் பார்த்தான், பைக்கைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். பேயைப் பார்த்ததுபோல விழித்து, வாயில் விசிலை வைத்தான். ஆனால் ஹரிராம் அதற்குள் உள்ளே போய்விட்டான்.

நேரே நாற்காலிக்கு எதிரே போய், வலதுகாலை ஊன்றி நின்றான். "போடு மருது."

மருது போட்டான். கை ஒரு மூட்டையை எடுத்து, திரும்பி, இறக்கியது. இறக்கி நிறுத்திய நொடியில் நின்றுபோனது. ஓவர் வோல்டேஜ்.

தங்கப்பொண்ணு ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். ஹரிராம் வந்து கலெக்டர் ஓடாமல் இருந்தது இதுவே முதல் தடவை. கைராசி போய்விட்டது, அதுவும் நிச்சயதார்த்தத்தன்று. ஒரு நிமிஷம் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அபசகுனம் என்று கூட நினைத்தான், டிகிரி படித்தவன்.

"அண்ணே, இம்புட்டு ஈரத்தோட கரண்ட்ட ஏன் தொடுறீங்க?" என்றான் மருது. அவனுக்கு நிஜமாகவே மனசு தாங்கவில்லை. "நல்ல நாளு அதுவுமா சளி பிடிச்சுரும். என் கைலியக் கட்டிக்கங்க. வேட்டி சட்டையக் குடுங்க, செத்த நேரத்துல காய வச்சுத் தாரேன்."

ஹரிராம் வேறு யோசனையில் கழற்றிக் கொடுத்துவிட்டான். கட்டம்போட்ட கைலியும் பனியனுமாக ஏசி அறைக்குள் போனான். மெயினை இறக்கினான். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை நடுங்கிக்கொண்டே காத்திருந்து, மீட்டரை எடுத்து, எரிக்கும் பெட்டிக்குப் போகும் இரண்டு ஒயர்களிலும் வைத்தான். இதே அளவை அவன் பத்துத் தடவையாவது எடுத்திருக்கிறான்; எப்போதும் சரியாகக் காட்டும். இன்று மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. ஒயரைத் தட்டினான், மீட்டரைத் தட்டினான், பிறகு தன் நெற்றியைத் தட்டினான். பெட்டிக்குப் போகும் வழி அறுந்து கிடக்கிறது! மிச்சக் கரண்டுக்குப் போக்கிடமில்லை. அதனால்தான் வோல்டேஜ் ஏறுகிறது. ஆனால் இத்தனை நாள் அறாதது இன்று ஏன் அறுந்தது?

கதவு திறந்தது. மருது பட்டு வேட்டியை மடித்து, சட்டையை அதன்மேல் வைத்து, ஏந்திக்கொண்டு வந்தான். "இந்தாங்கண்ணே. இஸ்திரி போட்ட மாதிரி ஆயிருச்சு."

ஹரிராம் வாங்கினான். வேட்டி சுடச்சுட இருந்தது. சீரக வாசனை வேறு அடித்தது.

வெளியே மழை கொட்டுகிறது. ஆலையில் அடுப்பு கிடையாது. ஹரிராம் மெதுவாகக் கேட்டான்: "மருது, இதை எங்க காய வச்ச?"

மருது ஏசிக் காற்றில் வியர்த்தான். வேறு எங்கும் பார்க்கக்கூடாது என்று எவ்வளவோ முயன்றும் அவன் கண் ஒரு தடவை மேலே கூரைக்குப் போய்விட்டது.

ஹரிராம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினான். ஏறி, தலையை நீட்டி, அப்படியே நின்றான்.

பெட்டியே தெரியவில்லை. அதன்மேல் ஒரு பழைய வேட்டி விரித்து, வரிசை வரிசையாகக் கூழ்வடகம். வடகத்துக்குப் பக்கவாட்டில் மருது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடை. முத்திருளனின் காக்கிச் சட்டை, காலுறை. கம்பி வலை தெரியாதபடி நான்கு பக்கமும் துண்டுகள். ஓர் ஓரத்தில் ராஜபாண்டியின் மழைக்கோட்டு. வோல்டேஜ் சண்டைக்கு வந்தவன் அதற்கும் இடம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறான். எல்லாவற்றுக்கும் உச்சியில், சோப்பு விளம்பரம்போல வெள்ளைவெளேரென்று ஒரு பெரிய சட்டை. அது முதலாளியுடையது. அவர் ஆபீஸ் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"யாருடைய வேலை இது!" என்ற ஹரிராமின் குரல் கூரையைத் தொட்டது.

கடைசியில் தங்கப்பொண்ணுதான் ஏணியடிக்கு வந்தாள். "எல்லார் வேலையுந்தான் தம்பி. வெயிலு இல்லாத நாளுல நாங்க எங்கிட்டுப் போயிக் காய வைக்க? அது சும்மாதான சூடா கெடக்குது. நீங்க பொறப்பட்டாச்சுன்னு தெரிஞ்சா அள்ளிருவோம். செகப்பு வண்டி வாய்க்காப் பாலத்துல திரும்பும்போதே முத்திருளன் விசில் அடிச்சுருவான். நீங்க உள்ள வரங்குள்ள ஒரு நூலு இருக்காது. இன்னைக்கு வண்டியையும் மாத்தி, பாதி நேரத்துலயே வந்துட்டீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"ஒரு துண்டுக்கு அம்புட்டு சத்தம் போட்டீங்க. இதுக்கு என்ன செய்வீங்களோன்னு பயந்துட்டோம்."

ஹரிராம் ஏணியின் மேற்படியில் உட்கார்ந்துவிட்டான். எல்லாம் ஒவ்வொன்றாக இடத்தில் போய் விழுந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பெட்டி அளவுக்கு மீறிச் சூடானால் தானே அறுத்துக்கொள்ளும். ஆறினால் தானே சேர்ந்துகொள்ளும். மழை நாளில் துணி மூடினால் காற்றோட்டம் போய்ச் சூடு ஏறும், சுவிட்ச் அறும், கலெக்டர் நிற்பார். போன் வரும். அவன் ஊரைக் கடந்து வருகிற ஒரு மணி நேரத்தில் துணியை அள்ளிவிடுவார்கள், பெட்டி ஆறிவிடும். அவன் வந்து மீட்டரை வைத்தால் எல்லாம் சுத்தம். கைராசி! அவன் வலதுகாலை வைத்ததற்கும் கலெக்டர் ஓடியதற்கும் இருந்த சம்பந்தம் ஒரு விசில்.

முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது, தாங்க முடியாத வெட்கம். பக்கத்தில் ஒரு வடகம் கிடந்தது, எடுத்துக் கடித்தான். நன்றாகக் காய்ந்திருந்தது. அதற்கப்புறம் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலிருந்து இன்ஜினியர் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக் கீழே எல்லோரும் இன்னும் பயந்துபோனார்கள்.

"மேல வாங்க, அள்ளுங்க" என்றான். "மருது, நிக்கிற ஃபேனு ஒண்ணு கொண்டா. அந்தா அந்த மூலையில, பொட்டிக்கு ரெண்டு ஆள் தூரத்துல ஒரு கொடி கட்டு. வெக்கை அங்க வரைக்கும் அடிக்கும், துணி அங்க காயும். பொட்டி மேல மட்டும் ஒரு நூலு விழக்கூடாது. அக்கா, வடகத்துக்குத் தட்டு நான் செஞ்சு தாரேன்."

"நெசமாவா தம்பி?"

"நெசமாத்தான்."

ஃபேன் காற்றில் பெட்டி ஆறியது. மீட்டரை வைத்தான், பழையபடி சரியாகக் காட்டியது. வெளியே மழை அடித்து ஊற்ற, கலெக்டர் மூட்டைக்கு மேல் மூட்டையாக இறக்கினார். ஹரிராம் நாற்காலிப் பக்கமே போகவில்லை.

சட்டை கிடைத்ததும் முதலாளி ஆபீஸிலிருந்து வெளியே வந்தார். ஹரிராம் நடந்ததைச் சொன்னான். யார் யாருடைய துணி என்று மட்டும் விட்டுவிட்டான். முதலாளியும் அதைக் கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. "அப்ப என் கரண்ட்டு வீணாப் போகல! துணி காஞ்சிருக்கு, வடகம் காஞ்சிருக்கு! நான் அன்னைக்கே நெனைச்சேன்டா, சும்மா எரிக்கிறதுல என்ன பிரயோசனம்னு." உணர்ச்சிவசப்பட்டு ஹரிராமின் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி, லாரி நெறையுற வரைக்கும் செத்த உக்காரு. எதுக்கும் ஒரு கைராசிக்கு."

"நான் போறேன் முதலாளி."

"நின்னுருச்சுன்னா?"

"மேல ஏறிப் பாருங்க. துணி கெடந்தா எடுங்க" என்றான். முதலாளியிடம் அவன் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றேமுக்கால். திரும்பி வந்ததில் பட்டு வேட்டி மறுபடியும் நனைந்திருந்தது. பீமாராவ் கடிகாரத்தைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்தார். தட்டை எடுத்து நீட்டப் போகும்போது போன் அடித்தது.

மண்டபத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. ஹரிராமின் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "எடுங்க" என்றாள் சத்யப்ரியா. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி எடுங்க."

எடுத்தான். "ஹரி!" என்று முதலாளி குரல் மண்டபமெல்லாம் கேட்டது. "ரெண்டு லாரி நெறைஞ்சுபோச்சு. மழையும் விடல, கலெக்டரும் விடல. நீ இல்லாமலே ஓடுதுடா!"

ஹரிராமுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஓர் ஓரத்தில் லேசாகச் சுருக்கென்றது. அந்த நாற்காலியில் வந்த டீ நன்றாகத்தான் இருக்கும். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான்.

சத்யப்ரியா தலையைக் குனிந்தபடி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள். "கண்டுபிடிச்சாச்சா?"

"ஆச்சு."

"என்ன கோளாறு?"

அவன் பெட்டியைப் பற்றியும் சுவிட்சைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தான். அதெல்லாம் அதிகப்படி என்று தோன்றியது. "நான் முதல் நாளே சத்தம் போட்டுட்டேன். அதுல இருந்து நான் வர்றேன்னாலே எல்லாத்தையும் ஒளிச்சு வச்சுட்டாங்க. அதான் இத்தனை நாளா ஒண்ணும் கண்ணுல படல."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அப்ப வீட்டுல சத்தம் போடாதீங்க. நானும் ஒளிச்சு வச்சேன்னா, எனக்கு மீட்டரெல்லாம் வைக்க முடியாது."

தட்டு கை மாறியது. ஹரிராம் சத்தம் காட்டாமல் தலையை ஆட்டினான்.